குருவிக்கே முட்டையா?

அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்து நின்ற மகள், "யாருக்குப்பா?" என்றாள். கூண்டில் வளர்க்கும் ஃபின்ச் குருவிகளுக்கு என்றேன். என் முகத்தையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "குருவிக்கே முட்டையா? உனக்கே அநியாயமா படலையாப்பா?" என்றாள். அது கோழி முட்டைதானே என்று மழுப்பினேன். "கோழி மட்டும் என்ன, மாடா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்கான பதிலைக் கடைசியில் குருவிதான் சொன்னது. சில வாரம் கழித்து முதல் குஞ்சு பொரிந்த காலையில், ஓட்டுத் துண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டு கூட்டுக்கு வெளியே வந்த தாய்க்குருவி, குச்சியில் உட்கார்ந்து அதை நறுக் நறுக்கென்று தின்றது. சொந்த முட்டையின் ஓடு. மகள் கூண்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றோடு அந்த வழக்கு தள்ளுபடி.

என்னிடம் மூன்று ஜோடி இருக்கின்றன. இரண்டு ஜோடி ஜீப்ரா ஃபின்ச், ஒரு ஜோடி சொசைட்டி ஃபின்ச். ஜீப்ரா ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு இருக்கும், குரல் ரப்பர் பொம்மையை விடாமல் அமுக்குவது போல இருக்கும். அதனால் கீழ்க்கூண்டு ஆணுக்கு 'ஹாரன்' என்று பெயர். அவன் ஜோடி மிளகு. பெயர் மகள் வைத்தது. சொசைட்டி ஜோடிக்குப் பெயரே வைக்கவில்லை, சாதுக்கள் என்றுதான் சொல்வோம். இந்த இனம் காட்டில் எங்கேயும் கிடையாது, மனிதன் கூண்டிலேயே வளர்த்து வளர்த்து உண்டாக்கியது. யார் குஞ்சைக் கொண்டுபோய் விட்டாலும் வளர்த்துக் கொடுக்கும் என்று பெயர் எடுத்தது.

முதல் வருடம் முழுக்க விதை மட்டும்தான் போட்டேன். கிண்ணம் நிறைந்திருந்தால் நாம் நல்ல வளர்ப்பாளன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். (நிறைந்திருந்ததில் பாதி உமி என்பது பிறகுதான் தெரிந்தது. ஃபின்ச் விதையை அலகிலேயே உரித்து உமியை அங்கேயே விட்டுவிடும். ஊதிப் பார்க்காமல் கிண்ணத்தை நம்பக் கூடாது.) மிளகு முதல் ஈட்டில் (ஒரு தொடராக இட்டு அடைகாக்கும் முட்டைகள்தான் ஒரு ஈடு) ஐந்து முட்டை இட்டாள். ஒன்று கூமுட்டை. நான்கு பொரிந்தன. அவற்றில் இரண்டுதான் கூட்டை விட்டு வெளியே வந்தன. மற்றவை எட்டாம் நாள் ஒன்று, பத்தாம் நாள் ஒன்று என்று போய்விட்டன. வெளியே வந்தவையும் சொல்லிக்கொள்கிறாற்போல இல்லை, இறகெல்லாம் ஏனோதானோவென்று இருந்தது.

அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். ஜீப்ரா ஃபின்ச் குஞ்சு பொரியும்போது ஒரு கிராம்கூட இருக்காது. மூன்று வாரத்தில் கூட்டை விட்டுக் குதிக்கும்போது ஏறக்குறைய அம்மா அப்பா எடைக்கே வந்திருக்கும். அந்த அம்மா அப்பா எடை என்பதும் ஒன்றும் பெரிதில்லை, 12 கிராம் சொச்சம், இரண்டரை ஏ4 தாள் கனம். ஆனால் பத்துப் பன்னிரண்டு மடங்கு வளர மூன்றே வாரம். அதற்குள் எலும்பு, சதை, இறகு எல்லாம் கட்ட வேண்டும். அதற்கு நான் கொடுத்துக்கொண்டிருந்தது மாவுச்சத்து.

விதையிலும் புரதம் இருக்கிறது. சிறுதானியங்களில் 100 கிராமுக்கு 11, 12 கிராம் வரும். முட்டையிலும் கிட்டத்தட்ட அதே எண்தான், 12 கிராமுக்குச் சற்று மேலே. இதைப் பார்த்துவிட்டு "அப்புறம் எதுக்கு முட்டை?" என்று நானே கொஞ்ச நாள் வீம்பாக இருந்தேன். விஷயம் என்னவென்றால், முட்டையில் முக்கால்வாசி தண்ணீர். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சத்தில் பாதி புரதம். அதுவும் முழுப் புரதம், உடம்புக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் எல்லாம் உள்ளது. விதையில் அவற்றில் ஒன்றான லைசின் குறைவு. லைசின் பற்றாமல் போனால் மற்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு இருந்தும் சதை கட்ட உதவாது, ஒரு சக்கரம் இல்லாத வண்டி மாதிரி நிற்கும். இது போக, விதையில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். வைட்டமின் ஏ பேருக்குத்தான். டி3 கிடையவே கிடையாது. முட்டை மஞ்சள் கருவில் ஏ-யும் டி-யும் இருக்கின்றன, ஓட்டில் கால்சியம் இருக்கிறது.

அப்படியானால் காட்டில் இருக்கும் ஜீப்ரா ஃபின்ச் யார் வீட்டு முட்டையைத் தின்கிறது? இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் புரிய வைத்தது. அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. நடுப்பகுதி வறண்ட பூமி. அங்கே ஃபின்ச்சுக்கு இந்த மாதம் குஞ்சு, அந்த மாதம் ஓய்வு என்று நாள்காட்டி கிடையாது. மழை பெய்ய வேண்டும். மழை பெய்தால் புல் முளைக்கும், கதிர் விடும். அந்தக் கதிர் முற்றுவதற்கு முன்னால், பால் பிடித்துப் பச்சையாக இருக்கும்போது பறித்துத் தின்று, அதையே குஞ்சுக்கும் கக்கிக் கொடுக்கும். முற்றிக் காய்ந்த விதையைவிட மென்மையானது, ஈரமானது, சத்தும் கூடுதல். அதுதான் குஞ்சுக்கான தீனி. மழை நின்று, புல் காய்ந்து, கையில் கிடைப்பது காய்ந்த விதை மட்டும் என்றானால், சரி, இந்த ஆட்டம் முடிந்தது என்று குருவிக்குத் தெரிந்துவிடும்.

கூண்டில் மழை பெய்வதில்லை. நாம் வைக்கும் முட்டைத் தீனிதான் மழை. ஈரமாக, மென்மையாக, புரதத்தோடு ஒன்று கிண்ணத்தில் வந்து விழுந்தால், "பெய்துவிட்டது, கூடு கட்டு" என்று குருவி எடுத்துக்கொள்கிறது. இதன் மறுபக்கத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், கீழே சொல்கிறேன். முதலில் தீனி.

என் முதல் முயற்சி மகா மட்டம். முட்டையை அவித்து, முள்கரண்டியால் நசுக்கி வைத்தேன். களி மாதிரி ஆகிவிட்டது. ஹாரன் ஒரு கொத்து கொத்தினான். அலகில் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஐந்து நிமிடம் குச்சியில் அலகை இப்படியும் அப்படியும் தேய்த்துத் துடைப்பதே வேலையாகப் போயிற்று. ஃபின்ச்சின் அலகு விதை உரிக்கப் பிறந்தது. அதற்குப் பொறுக்க முடிகிற துகள் வேண்டும். பசை ஆகாது. முட்டைத் தீனியில் கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இந்த உதிரிப் பதம்தான், மற்றதெல்லாம் சாமான் கணக்கு.

இப்போது செய்வது இப்படி. ஒரு முட்டையைத் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து 12 நிமிடம் விடுகிறேன். நமக்குப் பிடித்த இளகின மஞ்சள் கரு இங்கே வேலைக்காகாது. சால்மோனெல்லா கிருமி இருந்தால் அது சாக வேண்டும், அது ஒன்று. பச்சை வெள்ளைக் கருவில் அவிடின் என்று ஒரு புரதம் இருக்கிறது, அது பயோட்டின் என்கிற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குப் போகவிடாது. நன்றாக வெந்தால் அந்தக் குணம் போய்விடும், அது இரண்டாவது. கூடுதலாக வெந்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையில் ஒரு வளையம் வரும். அது கெட்டுப்போனதல்ல. மஞ்சள் கருவின் இரும்பும் வெள்ளைக் கருவின் கந்தகமும் சேர்ந்து செய்கிற வேலை. குருவி அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

வெந்ததும் குளிர்ந்த நீரில் போட்டு முழுக்க ஆறவிட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பிறகு எவ்வளவு ரொட்டித்தூள் போட்டாலும் களிதான். ஆறிய முட்டையைத் துருவியின் பொடிப் பக்கத்தில் துருவுகிறேன். மஞ்சளும் வெள்ளையும் சேர்த்தே. சிலர் மஞ்சள் கரு மட்டும் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மஞ்சள் கருவில் கொழுப்பு அதிகம், வெள்ளைக் கருவில் ஏறக்குறைய கொழுப்பே இல்லை, புரதம்தான். இரண்டும் சேர்ந்துதான் முட்டை.

துருவலோடு இரண்டு மேசைக்கரண்டி ரொட்டித்தூள். உப்பு, சர்க்கரை இல்லாத ரொட்டியைக் காயவைத்துப் பொடித்தது. 12 கிராம் உடம்புக்கு ஒரு சிட்டிகை உப்பும் பெரிய உப்பு, அதனால் பொட்டலத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுத்தான் வாங்குவேன். ரொட்டிக்குப் பதில் ஓட்ஸை அப்படியே பொடித்தும் போட்டிருக்கிறேன், அதுவும் உதிரியாக வருகிறது. ரொட்டித்தூள் சத்துக்காக இல்லை, ஈரம் இழுக்க. அதனால் மேலும் மேலும் கொட்டினால் முட்டையின் சத்து நீர்த்துப்போகும். பிறகு ஒரு மேசைக்கரண்டி கேரட், பொடியாகத் துருவி உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து சாற்றை வடித்துவிட்டது. கேரட்டின் பீட்டா கரோட்டினைக் குருவி வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கேரட் இல்லாத நாளில் ப்ரோக்கோலியின் பூ நுனியைச் சீவிப் போடுவேன். பசலைக்கீரையை மட்டும் இந்தக் கலவையில் சேர்ப்பதில்லை. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு கையால் கால்சியம் கொடுத்து இன்னொரு கையால் பிடுங்குவானேன்.

ஓட்டைத் தூக்கி எறியக் கூடாது. முட்டையோடு சேர்ந்து வெந்திருப்பதால் கிருமி பற்றிய பயம் பெரிதாக இல்லை. உலர்த்தி, அம்மியோ மிக்ஸியோ, மாவாக அரைத்து வைத்துக்கொள்கிறேன். பிசிறு விளிம்பு இருந்தால் குத்தும், அதனால் நைசாக அரைக்க வேண்டும். ஒரு ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கும், மூன்று ஜோடிக்கு அது மிக அதிகம். கலவையில் கால் தேக்கரண்டி மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுவேன். முட்டையிடும் நாட்களில் மிளகு அங்கே போய்ப் போய்த் தின்பாள், ஹாரன் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். கூடவே, கால்சியத்துக்காகக் கணவாய் மீனின் ஓடும் எப்போதும் கம்பியில் செருகியிருக்கும்.

ரொட்டித்தூளையோ ஓட்டையோ காயவைக்க நான்ஸ்டிக் வாணலியை அடுப்பில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். இதை எங்கே எழுதினாலும் ஒரு முறை சொல்லிவிடுவது என் வழக்கம். அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நமக்குத் தெரியக்கூடத் தெரியாது, பறவைக்கு அது விஷம். அடுத்த அறையில் கூண்டு இருந்தாலும் நிமிடக் கணக்கில் செத்துவிடும். பறவையின் நுரையீரல் காற்றை உறிஞ்சுவதில் நம்முடையதைவிடக் கெட்டி, அதுவே அதற்கு வினை.

எல்லாவற்றையும் விரல் நுனியால் கிளறி, பதம் பார்க்க வேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் தேவைப்படாது. பால் கூடாது, பறவைக்கு லாக்டோஸ் செரிக்காது. வெங்காயம், பூண்டு, அவகாடோ எந்த ரூபத்திலும் கிட்டே வரக் கூடாது.

வைட்டமின் டி பற்றி ஒரு வார்த்தை. என் கூண்டுகள் ஜன்னலோரம்தான் இருக்கின்றன, வெயில் நன்றாக விழும், அதனால் டி தானாகக் கிடைக்கிறது என்று நினைத்திருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதற்குத் தேவையான புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுகிறது. வெயில் வரும், வைட்டமின் வராது. டி3 இல்லாவிட்டால் கால்சியத்தை எவ்வளவு கொட்டினாலும் உடம்பில் ஏறாது. இப்போது டி3 கலந்த பொடி ஒன்றை வாரம் ஒருமுறை, டப்பாவில் சொன்ன அளவுக்குக் குறைவாகவே தூவுகிறேன். இது கொழுப்பில் கரைகிற வைட்டமின், மிஞ்சினால் வெளியே போகாமல் உடம்பிலேயே தங்கிக் கெடுதல் செய்யும்.

ஒரு முட்டை கலவை எனக்கு நிறைய நாள் வரும். ஒரு ஜோடிக்கு ஒரு வேளைக்கு அரைத் தேக்கரண்டி போதும். மிச்சத்தை ஐஸ் தட்டின் குழிகளில் அழுத்தாமல் நிரப்பி உறையவைத்துவிடுவேன். முதல் நாள் இரவே ஒரு குழியை எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் தயார். உறைந்து இளகும்போது வெள்ளைக் கரு கொஞ்சம் ரப்பராகி நீர் விடும். பொடியாகத் துருவியிருந்தால் ரொட்டித்தூள் அந்த நீரை இழுத்துக்கொள்ளும், பெரிய துண்டாகப் போட்டவர்கள்தான் அவதிப்படுவார்கள். குளிர்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் இருந்ததை நான் போடுவதில்லை.

கூண்டுக்குள் இருக்கும் நேரம் இன்னும் கறார். அதிகபட்சம் இரண்டு மணி நேரம், புழுக்கமான நாளில் ஒரு மணி. கைபேசியில் மணி வைத்துவிடுவேன். வீட்டில் அந்த மணி அடித்தால் யார் பக்கத்தில் இருந்தாலும் எழுந்துபோய்க் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஈரமான முட்டை கிருமிக்குத் தேன். மீந்ததை அப்படியே குப்பையில் போட மனம் வராமல் "சாயந்திரம் தின்னட்டுமே" என்று விடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அதனால்தான் அரைத் தேக்கரண்டி. கொஞ்சமாகப் போட்டால் கொட்டுவதற்கும் மனம் வரும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்து வைத்தேன், தின்றார்களா என்றால், இல்லை. ஒன்பது நாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபின்ச்சுக்குப் புதிய பொருள் எதுவாக இருந்தாலும் முதலில் அது எதிரி. மஞ்சளாக ஒன்று கிண்ணத்தில் இருக்கிறது என்று மேல்குச்சிக்கு ஓடி, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். விதைக் கிண்ணத்தை எடுத்துவிடு, பசித்தால் தின்னும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதைச் செய்யாதீர்கள். இத்தனை சிறிய உடம்பு எரிக்கிற வேகத்துக்குப் பகலில் பட்டினி போடுவது ஆபத்து. நான் செய்தது, விடிந்தவுடன், அன்றைய புது விதையை நிரப்புவதற்கு அரை மணி முன்னால் முட்டையை வைத்தது. அதன் மேல் கொஞ்சம் தினையைத் தூவினேன். தினையைப் பொறுக்கும்போது மஞ்சளும் அலகில் ஏறியது. ஆனால் உண்மையில் சொல்லிக்கொடுத்தது சாதுக்கள்தான். பக்கத்துக் கூண்டில் அவர்கள் இரண்டாம் நாளே தலையைக் கவிழ்த்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். ஹாரன் கம்பியோரம் தொங்கிக்கொண்டு அதையே பார்த்தான். பத்தாம் நாள் காலை, கிண்ணத்தை உள்ளே வைத்துக் கையை எடுப்பதற்குள் என் விரல் மேலேயே வந்து உட்கார்ந்தான்.

இரண்டாவது ஈடு முட்டைத் தீனியோடு நடந்தது. ஐந்து முட்டை, ஐந்தும் பொரிந்தது. அடை காத்த பதின்மூன்று நாளும் வாரம் இரண்டு முறைதான் கொடுத்தேன். முதல் குஞ்சு பொரிந்த அன்றிலிருந்து தினமும், காலை ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. ஃபின்ச் குஞ்சின் கழுத்தோரத் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். தீனிப்பையில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். போன ஈட்டில் அங்கே வெளிர் விதைகள் மட்டும் தெரிந்தன. இந்த முறை விதைகளுக்கு நடுவே மஞ்சள் கோடு. தினமும் சாயந்திரம் விளக்கை லேசாகக் காட்டி அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு வருவது எனக்கும் மகளுக்கும் ஒரு வேலையாகவே ஆகிப்போனது. பசி எடுத்தால் தலையைத் தரையோடு தரையாகத் திருப்பி வாயைப் பிளந்துகொண்டு அரற்றும், மேல்வாயில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஐந்தும் வெளியே வந்தன. கறுத்த அலகும் சாம்பல் உடம்புமாக வரிசையாகக் குச்சியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் சறுக்கினேன்.

நன்றாக வேலை செய்கிறதே என்று நான் நிறுத்தவே இல்லை. குஞ்சுகள் தானாகத் தின்ன ஆரம்பித்த பிறகும் தினமும் முட்டை. கூட்டையும் எடுக்கவில்லை. மிளகு உடனே அடுத்த ஈடு இட்டாள். அது வளர்ந்து முடிவதற்குள் அடுத்தது. குஞ்சுக்கு ஹாரன் தீனி கொடுத்துக்கொண்டிருக்க, அவள் புது முட்டைமேல் உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பெருமை வேறு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் எண்ணிக்கை சொன்னேன்.

ஜீப்ரா ஃபின்ச் முட்டை ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம். தினம் ஒன்றாக ஐந்து இட்டால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே வெளியே தள்ளியிருக்கிறாள் என்று அர்த்தம். ஓட்டுக்கான கால்சியத்தைப் பெண் பறவை தன் நீள எலும்புகளுக்குள் முன்கூட்டியே சேமித்து வைத்து, முட்டையிடும்போது எடுத்துக் கொடுக்கும். சேமிக்க இடைவெளி வேண்டும். நான் இடைவெளியே விடவில்லை. காட்டில் மழை நின்றிருக்கும். என் வீட்டில் நிற்கவே இல்லை.

நான்காவது ஈட்டின் மூன்றாம் நாள் காலையில் மிளகு கூண்டின் தரையில், மூலையில், பந்து போல உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடியது. கை வைத்தால் பறக்கவில்லை. முட்டை உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் பறவைக்கு நேரம் மணிக்கணக்கில்தான். கையால் அழுத்தி எடுக்கப் பார்த்தால் முட்டை உள்ளேயே உடைந்து அதோடு முடிந்துவிடும். ஒரு சின்னப் பெட்டியில் துணி விரித்து, வெந்நீர்ப் பாட்டிலைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்து, பறவை மருத்துவரிடம் கொண்டு ஓடினேன். அவர் கால்சியம் ஊசி போட்டு, கதகதப்பும் ஈரப்பதமுமான கூண்டில் வைத்தார். என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி.

"கூடு வருஷம் பூரா தொங்குதா?"

"ஆமா."

"முட்டைத் தீனி?"

"தினமும் குடுக்கறேன் டாக்டர்," என்றேன், இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சம் இருந்தது போலிருக்கிறது. அவர் பேனாவை மூடிவிட்டு, "அவளுக்கு ஓய்வு குடுக்க மறந்துட்டீங்க," என்றார்.

சாயந்திரம் நாலரை மணிக்கு மிளகு முட்டையை வெளியே தள்ளினாள். ஓடு பாதிதான் கட்டியிருந்தது, தோல் முட்டை. பிழைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என் வீட்டில் மழைக்குக் கணக்கு உண்டு. சாதாரண நாளில் வாரம் ஒரு முறை ஒரு சிட்டிகை, வேறொன்றுக்குமில்லை, ருசி மறந்துபோய் மறுபடி ஒன்பது நாள் பிகு பண்ணக் கூடாது என்பதற்காக. இறகு உதிர்த்து முளைக்கும் நாட்களில் வாரம் மூன்று முறை, இறகே புரதம்தான், அதிலும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் நிறைய வேண்டும், அவை முட்டையில் தாராளம். ஆனால் அந்த நாட்களில் கூடு தொங்கக் கூடாது. குஞ்சு இருந்தால் தினமும். குஞ்சுகள் 35 நாள் வாக்கில் தானாக விதை உரிக்கத் தெரிந்துகொண்டதும் மூன்று வேளை இரண்டாகி, ஒன்றாகி, ஒரு வாரத்தில் நின்றுவிடும். குஞ்சுகள் கூட்டில் போய்த் தூங்குவதை விட்டதுமே கூட்டையும் கழற்றிவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு ஜோடிக்கு இரண்டு ஈடு, அதற்கு மேல் கிடையாது. மிளகுக்கு அதுவும் இல்லை. அவள் கூண்டில் நான் கூடே தொங்கவிடுவதில்லை. கிண்ணத்தில் நார் கிடைத்தால்கூடக் கவ்விக்கொண்டு ஹாரன் பின்னாலேயே அலைகிறாள், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது.

கடையில் விற்கும் உலர்ந்த முட்டைத் தீனி பற்றிக் கேட்பவர்களுக்கு: அவசரத்துக்கு வைத்திருக்கிறேன், ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்கிறவருக்கு அதுதான் சுலபம். நான் வாங்கிய பொட்டலத்தில் சேர்மானப் பட்டியலின் முதல் பெயரே முட்டை இல்லை, மாவுப் பண்டம். அதைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

சமையலறைச் சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டியிருக்கிறோம். முட்டை வைத்த நாளில் மகள் மூலையில் சின்னதாக 'ம' என்று எழுதுவாள். மஞ்சள் கருவுக்கு 'ம' என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் மேல்கூண்டு ஜோடியின் கடைசிக் குஞ்சும் விதை உரிக்க ஆரம்பித்துவிட்டது. கூட்டைக் கழற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, குளிர்பெட்டிக்கு மேலே கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடுத்து அது எப்போது இறங்கும் என்று மகள் வாரத்துக்கு ஒருதரம் கேட்கிறாள். நாலு மாதம் போகட்டும் என்றிருக்கிறேன். தாள்களைப் புரட்டி, நாலாவது மாதத்தில் ஒரு தேதியைப் பார்த்து இப்போதே பென்சிலால் ஒரு 'ம' போட்டு வைத்துவிட்டாள்.